பதிவேட்டில் கணவர், தறியில் மனைவி

ஜமக்காளத்தை எடை போட்டு வாங்குவது என் வேலையில் பாதி. போட்ட எடையைப் பதிவேட்டில் ஏற்றுவது மீதிப் பாதி. பவானிப் பக்கம் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 2000-களின் தொடக்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். சாயம் போட்ட சிட்டா நூலை, அதாவது கழியாகச் சுற்றிய நூலை, எடை போட்டுக் கொடுக்க வேண்டும். நெய்து வரும் உருப்படியை நீளம், அகலம், எடை பார்த்து வாங்க வேண்டும். கழிவுக்கு உண்டானதைத் தள்ளிவிட்டுக் கூலி போட வேண்டும். கொடுத்த நூலும் வந்த துணியும் எடையில் ஒத்துப்போகவில்லை என்றால், ஒன்று நூல் வேறு எங்கோ போயிருக்கிறது, இல்லையென்றால் ஊடை, அதாவது குறுக்கு நூல், சரியாக அடிபடவில்லை. தராசு பாதியைச் சொல்லிவிடும். மீதிக்கு விரல் வேண்டும். கரையை உருவிக்கொண்டே போனால் எங்கே இழுத்து நெய்திருக்கிறார்கள், எங்கே தளர விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது. உறுப்பினர் பதிவேட்டில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. உருப்படியைத் தலையில் சுமந்தோ மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டோ வந்து இறக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எண் கேட்டால் உறுப்பினர் எண்ணைச் சொல்வார்கள். பெயர் கேட்டால் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வார்கள். "சரிங்கக்கா, நெஞ்சது யாரு?" என்று கேட்டால்தான் சிரிப்பார்கள். "நாந்தான் கண்ணு, வேற ஆரு?"

பவானி ஜமக்காளத்தின் வரலாற்றை யார் சொன்னாலும் ஆண்களில்தான் தொடங்குவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்களின் ஆலைத் துணி சந்தையில் வந்து குவிந்தபோது, இங்கிருந்த ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் முரட்டு நூலில் பல வண்ணப் பட்டை வைத்த கனத்த விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள் என்பது கதை. பிறகு மற்ற சமூகத்தாரும் அதே தறியில் உட்கார்ந்தார்கள். கதை தவறில்லை. ஆனால் அந்தத் தறிக்கு நூல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அதில் வராது. சாயப்பட்டறையிலிருந்து வரும் சிட்டாவை உதறி, சிக்கெடுத்து, ராட்டையில் போட்டுத் தார் சுற்றியது, அதாவது ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் சுற்றியது யார்? பாவு என்கிற நெடுக்கு நூல் ஓடும்போது மறுமுனையைப் பிடித்து நின்றது யார்? அறுந்த இழைகளைப் பிணைத்தது, நெசவு முடிந்ததும் ஓரத்து நூலை முடிச்சுப் போட்டது யார்? தறியில் ஒருவர் உட்கார, தறியைச் சுற்றி வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும். தாருக்கென்று தனியாக ஒரு பைசா கிடையாது. இன்றைக்கும் எங்கள் கூலிச்சீட்டில் அதற்கு ஒரு வரி இல்லை.

பெண்கள் எப்போது தறிக் குழிக்குள் இறங்கினார்கள் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆற்றைத் தாண்டினால் குமாரபாளையம், அங்கே விசைத்தறிகள். ஆற்றுக்கு இந்தப் பக்கமே கொஞ்சம் தள்ளிப் போனால் பெருந்துறைத் தொழிற்பேட்டை, அப்புறம் திருப்பூர். லாரி, கட்டட வேலை, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி என்று ஒவ்வொரு வீட்டு ஆணும் ஒவ்வொரு திசையில் போனார்கள். தறி மட்டும் எங்கும் போகவில்லை. குழித்தறியை எங்கே கொண்டுபோவது? அது வீட்டுத் தரையில் வெட்டிய பள்ளம். கால் இரண்டும் பள்ளத்துக்குள், மிதிக்கட்டை மேல். உட்காரும் இடமும் பாவும் தரை மட்டத்தில். பள்ளத்தின் ஈரம் நூலை அறுந்துபோகாமல் வைத்திருக்கும். ஆண் போன பிறகு அந்த இடம் காலியாக இருந்தது, நூல் வீட்டில் இருந்தது, சங்கத்தில் முன்பணம் பாக்கி இருந்தது. பெண் இறங்கினாள்.

ஒரு ஆயா இதைப் பற்றிச் சொன்னது எனக்கு மறக்காது. "நெய்யறதெல்லாம் சின்னப் புள்ளையிலிருந்து பாத்ததுதான் கண்ணு. குழியில எறங்கறதுக்குத்தான் நாளாச்சு. மாமனாரு திண்ணையில உக்காந்திருப்பாரு, அவரு முன்னால கால நீட்டி மிதிக்கறதா? அவரு தோட்டத்துப் பக்கம் போனப்பறம் எறங்குவேன். வந்துட்டாருன்னா ஏறிருவேன்." அவர் காலமான பிறகுதான் பகலெல்லாம் நெய்ய முடிந்ததாம். அதைச் சொல்லும்போது ஆயாவின் குரலில் வருத்தம் ஏதும் எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் சங்கத்துக்கு அவ்வப்போது கேமராவோடு ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான். பாரம்பரியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும் கிராமத்துப் பெண்கள் என்று எழுதிக்கொண்டே வருவார்கள். வயதான அம்மாவைப் பட்டுச் சேலை கட்டிவரச் சொல்வார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பஞ்சுத் தூசியில் யார் நெய்வார்கள்? அம்மா பீரோவைத் திறந்து ஒரு பழைய கைத்தறிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, சும்மா இரண்டு தடவை நாடாவைத் தள்ளுவார். "ஏன் இந்தக் கலையைக் கைவிடாமல் வைத்திருக்கிறீர்கள்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு அக்கா சொன்ன பதிலை அவர்கள் படத்தில் சேர்க்கவில்லை: "அரிசி ஒலையில போட்டுட்டு வந்து நாலு எழை ஓட்டலாம். குழந்தை அழுதா ஏறிப் போலாம். மில்லுல ஏற முடியுமா?"

இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குத் தோன்றுவதும் அதுதான். ஜமக்காள நெசவு அழியாமல் நிலைத்து நின்றதற்குப் பக்தி காரணமில்லை. வீட்டு வேலையின் இடுக்குகளில் செருகிக்கொள்ளக்கூடிய கூலி வேலையாக அது இருந்தது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத பெண்களின் தலையில் தொழில் நின்றது. இதைப் பெருமையாகவும் சொல்லலாம், கொஞ்சம் சங்கடத்தோடும் சொல்லலாம். நான் இரண்டாவது வகை.

நாடு முழுக்க நிலைமை இதுதான். 2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அதில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். அந்த எண்ணைப் படித்தபோது எங்கள் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது.

தாய் மகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள் என்று எழுதுவதும் இங்கே அவ்வளவு பொருந்தாது. நான் பார்த்த வீடுகளில் நெசவு மாமியாரிடமிருந்து மருமகளுக்குத்தான் போயிருக்கிறது. அகலமான ஜமக்காளம் நெய்ய ஒரு தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார வேண்டும். ஒருவர் கை தள்ளிய நாடாவை மற்றவர் கை வாங்கித் திருப்பி அனுப்பும். இரண்டு பேரின் மிதியும் ஒன்றாக விழ வேண்டும். மகன் வெளிவேலைக்குப் போய்விட்டான், மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பக்கத்தில் உட்கார மிச்சமிருப்பது மருமகள். முதல் சில மாதம் ராட்டையும் தாரும். அப்புறம் ஒருநாள், "வந்து இப்படிக் குந்து" என்று பக்கத்தில் இடம் விடுவார்கள். பாடம் என்று எதுவும் கிடையாது. கை போகிற வேகத்துக்குக் கை போக வேண்டும். தடுமாறினால் நாடா கீழே விழும், மாமியார் ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான் பயிற்சி.

சண்டை போட்ட மாமியாரும் மருமகளும் நெய்த ஜமக்காளம் கெட்டியாக இருக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு. எடை போட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் நெய்தது தெரியும். இடது பக்கம் புதுக் கை உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும். அந்தப் பக்கத்துக் கரை ஒரு கை நீளத்துக்கு அலையாக வரும், அப்புறம் மெல்ல மெல்ல நேராகும். ஒரு பெண் தொழில் கற்றுக்கொண்டது அந்தக் கரையில் அப்படியே பதிந்திருக்கும். சங்கத்து விதிப்படி அலையடித்த கரைக்குக் கூலியில் கொஞ்சம் பிடிக்க வேண்டும். பிடித்தேன். மனசில்லாமல் பிடித்தேன் என்பதற்குப் பதிவேட்டில் இடமில்லை.

பட்டைகளின் கணக்கு எழுத்தில் இருக்காது. சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நடுவில் மஞ்சள் கோடு என்பதை ஒரு குச்சியில் வெட்டுக்கோடுகளாக வைத்திருப்பார்கள். சில வீடுகளில் குச்சிகூடக் கிடையாது, இத்தனை தார் ஓடினால் இந்த நிறம் முடிந்தது என்ற கணக்குத்தான். நூல் கனம் மாறி வந்தால் தார்க்கணக்கு உதைக்கும். அப்போது மட்டும் சாணையும் விரலையும் வைத்து அளப்பார்கள். ஜமக்காளத்தில் குஞ்சம் குஞ்சமான மயிர் எழும்பி நிற்காது. தட்டையான நெசவு, பாவை ஊடை மூடிக்கொண்டு போகும். பட்டை போட்ட சாதா ரகத்தை எந்தப் பக்கம் விரித்தாலும் ஒன்றுதான். செயற்கைப் பட்டு நூலில் கரை வைத்து நெய்யும் ரகம் தனி. அதற்குக் கூலியும் கொஞ்சம் மேல், கண் வலியும் கொஞ்சம் மேல்.

மகள்களை ஏன் உட்கார வைக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். ஒரு அக்கா தன் மகளை ராட்டையைக்கூடத் தொட விட்டதில்லை. "அவ கை பழகிருச்சுன்னு தெரிஞ்சா, போற வீட்டுல தறியில உக்கார வெச்சுப்போடுவாங்க. தெரியாதுன்னு சொல்லட்டும்" என்றார். அந்தப் பெண் படித்து, ஈரோட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அதே அக்கா தன் மருமகளுக்கு நாடா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் இப்போது தோன்றவில்லை. என் மகளாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சட்டப் பாதுகாப்புக்குக் குறைவில்லை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜமக்காளமும் உண்டு. விசைத்தறியில் அதை நெய்யக்கூடாது. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. அந்த நேரம் ஊரில் ஒரே கொண்டாட்டம். ஆனால் கடைத்தெருவில் சோலாப்பூரிலிருந்து வரும் விசைத்தறி விரிப்பு அதே பெயரில் தொங்கத்தான் செய்தது. தூக்கிப் பார்த்தாலே லேசாக இருக்கும், விலையும் அப்படியே. வாங்க வருகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒரு காலத்தில் ஒவ்வொரு கல்யாண மண்டபமும் கட்டுக் கட்டாக ஜமக்காளம் வாங்கியது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வீட்டுக்குள் பிளாஸ்டிக் பாய் வந்தது, கழுவினால் உடனே காய்ந்துவிடும். நெசவாளர் வீட்டுக்கு நான் போனால்கூடப் பிளாஸ்டிக் பாயைத்தான் விரிப்பார்கள். ஜமக்காளம் விற்கிற சரக்கு. அதில் யார் உட்காருவது?

இந்தத் தொழிலின் வரலாற்றை யாராவது எழுதினால் இலவசப் பேருந்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, அதுவரை வீட்டை விட்டு நகராத சில பெண்கள் குமாரபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பேருந்துச் செலவு போகக் கையில் என்ன நிற்கும் என்ற கணக்குதான் பலரைத் தறியில் உட்கார வைத்திருந்தது. நூறு நாள் வேலை நடக்கும் வாரங்களில் உருப்படி வரத்து குறைவதை அதற்கு முன்பே என் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். வெளியே போகப் பாதை கிடைத்த பெண் போகிறாள். நெசவு அழிகிறதே என்று அப்போது கவலைப்பட்டவர்கள், அந்தப் பெண் போகாமல் இருக்க என்ன கூலி கொடுக்க வேண்டும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பதிவேட்டின் விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் பெருகி ஆற்றோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. குழித்தறி உள்ள வீட்டில் வெள்ளம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்து தண்ணீர் வடிந்த பிறகும் குழியிலிருந்து வடியாது. சேறு, அதில் ஊறிய மிதிக்கட்டை, சாயம் கலங்கிப்போன பாவு. பெண்கள் குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். நட்டத்தைக் கணக்கெடுக்கப் போனபோது படிவத்தில் நெசவாளர் பெயர் என்று ஒரு கட்டம். சேற்றில் நின்ற அக்கா வழக்கம்போல வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தார். வருடக்கணக்கில் நாடாவைத் தொட்டதில்லை.

இதைவிட மோசமான ஒன்று பிறகு நடந்தது. நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் உறுப்பினரின் கூலியிலிருந்து ஒவ்வொரு ரூபாய்க்கும் இத்தனை காசு என்று பிடித்து, அரசுப் பங்கும் சேர்ந்து கணக்கில் ஏறும். இன்னொரு வீட்டில் உறுப்பினர் காலமானார். அந்தக் கணக்கில் சேர்ந்திருந்த பணத்தில் பெரும்பகுதி அவர் மனைவி நெய்து சேர்த்தது. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு உருப்படியையும் அந்த அம்மாவின் கையிலிருந்துதான் வாங்கியிருக்கிறேன். ஆனால் காகிதப்படி அது இறந்தவரின் பணம். வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைந்து, மகன்களின் கையெழுத்தைக் கெஞ்சி வாங்கி, கடைசியில் வந்ததில் தன் பங்கை எடுத்துக்கொண்டார். தான் உழைத்த கூலி அவருக்கு விதவையின் பங்காகத்தான் கிடைத்தது.

அதன் பிறகு நானும் ஓய்வு பெறும் வயதில் இருந்த எங்கள் செயலாளரும், உறுப்பினர் பெயரை மனைவி பெயருக்கு மாற்றச் சொல்லி வீடு வீடாகப் பேசினோம். சில ஆண்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். சிலர் கடன் பாக்கியையும் சேர்த்து மாற்றிக்கொடுங்கள் என்றார்கள், அதில் கெட்டிக்காரத்தனம் இருந்தது. பெண்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. "அவரு பேருல இருந்துட்டுப் போவட்டும், எதுக்குங்க வம்பு" என்றவர்கள் நிறைய. எதிர்பார்த்ததைவிட மெதுவாகத்தான் பட்டியல் மாறியது. ஆனாலும் மாறியது.

மாறிய பட்டியலில் ஒருத்தி ஜம்பை என்ற ஊர்ப் பக்கத்து மருமகள். பி.காம். படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் தறியைப் பார்த்ததே இல்லை. குழந்தை பிறந்ததும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாமியாரிடம் நாடா பிடிக்கக் கற்றுக்கொண்டாள். முதல் உருப்படியைக் கொண்டுவந்தபோதே, "என் பேருல தனியா எண் போடுங்க மேடம், அவரு எண்ணுல வேண்டாம்" என்றாள். வாட்ஸ்அப்பில் படம் போட்டுக் கொஞ்சம் ஆர்டரும் பிடிக்கிறாள். பாட்டி காலத்து வண்ணம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அவள் காட்டும் பச்சையும் சாம்பலும் அவளே சேர்த்தவை. மாமியாருக்கு அந்தச் சாம்பல் நிறத்தைக் கண்டாலே ஆகாது. "எழவு வீட்டுக்கு விரிக்கிற மாதிரி இருக்கு" என்று என்னிடம் புகார் சொன்னார். அதுதான் அதிகம் விற்கிறது.

விலை போடும்போது என்னிடம் ஒருமுறை கணக்குப் பார்த்துத் தரச் சொன்னாள். நூல், சாயம், நெசவுக் கூலி என்று மூன்று வரி எழுதினேன். அவள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தாள்: தார் சுற்றக் கூலி, மாமியார் பெயரில். மாமியார் பதறிவிட்டார். "தார் சுத்தறதுக்கெல்லாமா காசு கேப்பாங்க? ஊரு சிரிக்கும் அம்மிணி." அவள் அழிக்கவில்லை. சென்னையிலிருந்து கேட்டவர் அந்த வரியை எடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவள் எடுக்கவில்லை, ஆர்டர் கைவிட்டுப் போனது. அடுத்து வந்தவர் ஒன்றும் கேட்காமல் பணம் அனுப்பினார். மாமியார் தன் பங்கை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு தாருக்கு இவ்வளவு என்றால் போன வருடம் சுற்றியதற்கு எவ்வளவு வரும் என்று என்னைக் கேட்டார்.

இப்போது அந்த வரியைச் சங்கத்துக் கூலிச்சீட்டிலும் சேர்க்க வேண்டும் என்று பெண் உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது நான்தான், அதனால் விளக்கம் கேட்டு எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. உருப்படிக்கான கூலியிலேயே அது அடங்கிவிட்டது என்பது நிர்வாகத்தின் வாதம். அடங்கிவிட்டதென்றால் அதில் எவ்வளவு தாருக்கு, எவ்வளவு நெசவுக்கு என்று பிரித்துக் காட்டச் சொல்லி மருமகள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். சங்க உறுப்பினர்களின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.